கொழும்பு என்ற இரண்டாவது எசமான்

கொழும்பின் நீதிமன்றங்கள் நிற்கும் புதுக்கடைக்கு இன்னொரு பெயர் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அந்த மேட்டில்தான், போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பின் 1655-56 முற்றுகையின்போது ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்ட் பாளையம் இறங்கியிருந்தார். இலங்கைக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில், 1656 ஏப்ரல் 10 ஆம் திகதி, கோட்டையை அண்டி வெட்டப்பட்ட பதுங்குகுழி வேலைகளுக்கு இடையே குண்டுபட்டு இறந்தார். வந்த சுவடு ஆறுமுன் போய்விட்ட அவருக்கு ஓர் ஊரே பெயராக மிஞ்சியது. அவருக்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் களனி ஆற்றின் இரு கரையிலும் போர்களை உண்மையில் நடத்தியவர்கள் உள்ளூர்த் தளபதிகள். கோட்டை மன்னனுக்கும் சீதாவாக்கைக்கும் போர்த்துக்கேயருக்கும் கண்டிக்கும் மாறி மாறிப் படை நடத்திய முதலியார்கள் அவர்கள். அவர்களுக்கு மிஞ்சியது ஒரு பழிச்சொல். போர்த்துக்கேய நூல்களில் அவர்கள் நன்றி கெட்டவர்கள். பிற்காலத் தேசியவாத நூல்களில் அந்நியனுக்கு விலைபோனவர்கள், அல்லது கடைசி நேரத்தில் மனம் திருந்திய தேசாபிமானிகள். இந்த மூன்று தீர்ப்புகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தத் தளபதிகளின் விசுவாசத்தை அளந்தது அவர்களின் குணம் அல்ல, நிலம். அந்த நிலத்துக்குப் போட்டி விலை கொடுக்கக் கொழும்பு என்ற கடற்கோட்டை எப்போதும் தயாராக நின்றது. அதே காலத்து ஜப்பானின் சாமுராய்த் தளபதிகளை அருகே நிறுத்திப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்த ஒப்பீடு வலிந்து செய்வதல்ல. இரண்டு தீவுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உடைந்தன. கியோத்தோவை எரித்த ஓனின் போர் 1467 இல் தொடங்கியது. கோட்டையின் ஆறாம் பராக்கிரமபாகு இறந்து அரசுரிமைச் சண்டைக்கு வழி திறந்ததும் அந்த ஆண்டளவில்தான். இரண்டு தீவுகளுக்கும் புதுவகைத் துவக்கு பரவக் காரணமாக இருந்தவர்களும் ஒரே ஆட்கள்: போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் இறங்கினர், 1543 இல் தனெகஷிமாவை அடைந்தனர். எல்லாவற்றிலும் முக்கியமானது, இரண்டு இடத்திலும் படை என்பது நெல்லின் இன்னொரு வடிவம். ஜப்பானியத் தளபதியின் தகுதி அவன் நிலம் எத்தனை கொகு அரிசி விளைவிக்கும் என்பதால் எழுதப்பட்டது. ஒரு கொகு என்றால் ஏறத்தாழ 180 லீற்றர், ஓர் ஆள் ஓர் ஆண்டுக்கு உண்ணும் அளவு. 1592 இல் ஜப்பானின் ஆட்சித்தலைவர் ஹிதேயோஷி கொரியா மீது படையெடுத்தபோது கியூஷூவின் பிரபுக்களிடம் 100 கொகுவுக்கு 5 பேர் என்று ஆள் கேட்டார். இங்கே கணக்கு அமுணத்தில். வயல் எத்தனை அமுணம் விதைப்பாடு, அதற்கு என்ன ஊழியம் என்பது ஊர் ஊராக வரையறுக்கப்பட்டிருந்தது. சம்பளம் இல்லை. வயலை உண்பவன், கூப்பிட்டால் துவக்கோ வில்லோ ஈட்டியோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தவர்களைத்தான் போர்த்துக்கேயர் லஸ்கரின் என்றார்கள். சில பத்துப் பேருக்கு ஓர் ஆராச்சி, ஆராச்சிகளுக்கு மேலே முதலியார், மாகாணத்துக்குத் திசாவை. முதலியாருக்கும் கிராமங்கள் உண்டு, மற்றவர்களைவிடப் பெரியவை. அவற்றைக் கொடுத்தவன் எடுக்கவும் முடியும்.

1660 இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கிடந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் இந்தப் படையின் நடைமுறையை அருகிருந்து பார்த்தவராக எழுதுகிறார். படைவீரன் தன் சாப்பாட்டைத் தானே சுமந்து வருகிறான். தாளிப்பனை ஓலை ஒன்றை மடித்துக் கொண்டுவருகிறான். மழைக்கு அது குடை, இரவுக்கு அதுவே கூடாரம். கொண்டுவந்த அரிசி தீர்ந்தால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பவேண்டும். ஒரு தளபதியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்பவர்கள் யானை, முரசு, கொடி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இந்த அரிசி மூட்டையைப் பார்க்க வேண்டும். அவனுடைய போர்த்திட்டம் முழுவதும் அதற்குள் அடங்கும். நீண்ட முற்றுகை அவனால் முடியாது. விதைப்பு வந்தால் படை கரையும். ஆட்கள் அவனோடு நிற்பதும் அவனுடைய நிலம் உறுதியாக இருக்கும் வரைக்கும்தான், ஏனெனில் அவன் விழுந்தால் அவன் கீழிருப்பவர்களின் வயலும் கேள்விக்குறியாகும். ஒரு முதலியார் பக்கம் மாறினால் அவரோடு ஆயிரக்கணக்கானோர் மாறியதற்கு மந்திரம் ஒன்றும் காரணமில்லை.

ஒரு தளபதியின் வாழ்க்கையை முழுதாக எடுத்துப் பார்ப்போம். அரித்த கீவெண்டுப் பெருமாள் என்று சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய குறிப்பிடும் மனிதர் கடல் கடந்து தென்னிந்தியாவிலிருந்து வந்த சைவர். வெறுங்கையோடு வந்தார் என்பதுதான் கதை. சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் பௌத்தத்தை விட்டுச் சைவத்தைத் தழுவிய காலம் அது; அவிசாவளையில் இன்றும் சிதைந்து நிற்கும் பெரெண்டி கோவில் அந்தக் காலத்தின் சாட்சி. வந்தவர் அரசவையில் ஏறினார், மன்னம்பெரும என்ற சிங்களப் பட்டமும் படைத்தலைமையும் பெற்றார். சிங்கள வீரர்கள் அவர் கீழ்ப் போரிட்டனர். 1593 இல் இராஜசிங்கன் இறந்ததும் சீதாவாக்கையின் அரசுரிமை தடுமாறியது. நிலம் கொடுத்த கை இல்லாமல் போயிற்று. அவர் ஜயவீர பண்டார என்ற பெயரோடு, தன் படையையும் கூட்டிக்கொண்டு கொழும்பின் பக்கம் வந்தார். போர்த்துக்கேயருக்கு அது வானத்திலிருந்து விழுந்த வரம். சீதாவாக்கையின் நிலப்பரப்பு அவர்கள் கைக்கு அவ்வளவு விரைவில் வந்தது அவரால்தான். அடுத்த ஆண்டு தளபதி பேத்ரோ லோப்பஸ் த சூசா கண்டி மீது படையெடுத்தபோது அந்தப் படையின் பெரும்பகுதி ஜயவீரனின் லஸ்கரின்கள்.

எதிரே நின்றவரும் அதே வார்ப்பு. கொனப்பு பண்டாரவின் தந்தை இராஜசிங்கனால் கொல்லப்பட, மகன் கொழும்புக்கு ஓடிவந்து போர்த்துக்கேயரிடம் சேர்ந்து, டொம் ஜொவாவோ என்று ஞானஸ்நானம் பெற்று, கோவாவிலும் சில காலம் இருந்தார். போர்த்துக்கேயர் கண்டிக்கு ஓர் அரசனை அமர்த்தப் போனபோது அவர்களோடு தளபதியாகப் போனார். அந்த அரசன் இறந்ததும் அவர்களையே விரட்டிவிட்டு விமலதர்மசூரியன் என்று முடி சூடினார். கொழும்பில் கற்ற போர்முறையும் ஆட்களைப் பற்றிய அறிவும் அவருக்குக் கைகொடுத்தன. 1594 இல் அவர் பயன்படுத்திய ஆயுதம் ஓர் ஓலை. ஜயவீரன் தன்னோடு இரகசியமாகப் பேசுகிறான் என்று காட்டும் பொய்க் கடிதம் போர்த்துக்கேயர் கையில் கிடைக்கச் செய்தார் என்று நூல்கள் சொல்கின்றன. போர்த்துக்கேயர் நம்பினர்; ஜயவீரனைக் கொன்றனர். தலைவன் போனதும் லஸ்கரின்கள் கலைந்தனர், ஒக்டோபரில் தந்துறையில் த சூசாவின் படை அழிந்தது. அந்தக் கடிதம் ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது? ஜயவீரன் ஏற்கெனவே ஒருமுறை எசமானை மாற்றியவர், இன்னொருமுறை மாற்றக்கூடியவர் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த செய்தி. அவர் உண்மையில் மாறவில்லை. ஆனால் அவர் வாழ்ந்த உலகில், மாறாததற்குச் சான்று காட்ட வழி ஏதும் இருக்கவில்லை.

1630 ஆகஸ்டில் ஊவாவில் ரந்தெனிவலையில் நடந்தது இதன் முதிர்ந்த வடிவம். கொன்ஸ்தந்தீனு த சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், அவருடைய முதலியார்களான டொம் கொஸ்மே, டொம் பல்தசார், டொம் அலெய்ஷு, டொம் தெயோதோசியு நால்வரும் தங்கள் லஸ்கரின்களோடு செனரத் மன்னன் பக்கம் போய்விட்டனர். முதல் நாள் இரவின் மழை துவக்குகளையும் வெடிமருந்தையும் நனைத்திருந்தது. சில நூறு போர்த்துக்கேயரும் த சாவும் அங்கேயே முடிந்தனர். இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1600 ஒக்டோபர் 21 இல், செக்கிகஹாராவில் மட்சுவோ மலைமேல் ஏறத்தாழ 15,000 பேரோடு நின்ற கோபயகாவா ஹிதெயாகி, நடுச்சமரில் இறங்கித் தன் கூட்டணியையே தாக்கினார். ஜப்பான் தொகுகாவா குடும்பத்தின் கைக்குப் போனது. கொரியப் போருக்குப் பின் ஹிதெயாகியின் நிலம் குறைக்கப்பட்டது. அது திரும்பக் கிடைக்க நடுநின்றவர் தொகுகாவா இயெயசு. நமது நால்வரின் குறையும் நிலம்தான். தலைமுறையாக லஸ்கரின்களும் அவர் தலைவர்களும் உண்ட கிராமங்களைப் போர்த்துக்கேயக் குடியேறிகளுக்கும் கத்தோலிக்கக் குருமாருக்கும் பகிர்ந்து கொடுத்தது பற்றிய முறைப்பாடு அந்த நூற்றாண்டு முழுவதும் கேட்கிறது. பெயரில் டொம் வைத்துவிட்டு வயலை எடுத்துக்கொண்டால் அந்தப் பெயர் எத்தனை நாள் தாங்கும்?

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் உண்டு. ரந்தெனிவலை பற்றியும் தந்துறை பற்றியும் நமக்குக் கிடைக்கும் விரிவான விவரங்கள் பெரும்பாலும் தோற்றவர்கள் எழுதியவை. தோற்ற தளபதிக்கு உள்ளூர்க்காரனின் துரோகத்தைவிட வசதியான சமாதானம் வேறில்லை. முட்டாள்தனமாக மலைக்குள் போய் மாட்டிக்கொண்டோம் என்று யார் எழுதுவார்? இந்த ஐயம் நியாயமானது, பல விவரங்களில் நானும் அதைக் கைவிடமாட்டேன். ஆனால் கண்டி மன்னர்களே தங்கள் தளபதிகளை எப்படி வைத்திருந்தார்கள் என்பது போர்த்துக்கேயருக்குத் தொடர்பில்லாத சாட்சியம். நொக்ஸ் எழுதுகிறார்: இரண்டாம் இராஜசிங்கன் திசாவைகளைத் தங்கள் மாகாணங்களில் வாழவிடவில்லை, அரசவையில், கண்முன்னே வைத்திருந்தான். போருக்கு அனுப்பும்போது எல்லோருக்கும் மேலாக ஒரே தளபதியை நியமிக்கவில்லை. பலரை அனுப்பினான், ஒவ்வொருவரும் நேரே அவனிடம் கட்டளை பெற வேண்டும். இதைச் செய்த மன்னன் தன் தளபதிகளைத் துரோகிகள் என்று நினைத்தான் என்பதல்ல பொருள். அவர்கள் எங்கே போகக்கூடும் என்று தெரிந்திருந்தான். அவன் ஆட்சிக்கு வந்த 1635 இல்தான் ஜப்பானில் தொகுகாவா இயெமிட்சு, பிரபுக்கள் ஆண்டு மாறி ஆண்டு தன் தலைநகரான எதோவில் தங்க வேண்டும், மனைவி மக்கள் நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டும் என்று சட்டமாக்கினார். ஒரே நோய்க்கு இரண்டு தீவுகளில் ஒரே வைத்தியம். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்திருக்க வழியில்லை.

மதமும் இனமும் எங்கே போயின என்று சிலர் கேட்பர். கத்தோலிக்கத்துக்கு எதிராகப் பௌத்தமும் சைவமும் நடத்திய போர் இது என்றால் கதை அழகாகத்தான் இருக்கும், ஆட்கள்தான் அதற்குள் அடங்கமாட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற டொம் ஜொவாவோ பௌத்த மன்னனானார். போர்த்துக்கேயரிடம் கற்று வளர்ந்த முதலியார் தொமினிக்கஸ் கொரேயா, எதிரில்லே ரால என்ற பெயரில் கிளர்ந்தெழுந்து, 1596 இல் கொழும்பில் மரண தண்டனை பெற்றார். ஜப்பானில் தக்கயாமா உக்கொன் என்ற கிறிஸ்தவத் தளபதி, 1587 இல் மதத்தை விடு அல்லது நிலத்தை விடு என்றபோது நிலத்தை விட்டார், பின்னர் நாடு கடத்தப்பட்டு மணிலாவில் இறந்தார். அவரை இன்றும் நினைவுகூர்வதற்குக் காரணம் அவர் விதிவிலக்கு என்பதே. இனம் பற்றிய கேள்விக்கு ஆறாம் பராக்கிரமபாகுவின் தளபதி சப்புமல் குமாரயா ஒருவரே போதிய பதில். நம்மவர்கள் செண்பகப் பெருமாள் என்று அறிந்த அவரின் தந்தை மலபாரிலிருந்து வந்த பணிக்கர் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூத்தோ எழுதுகிறார். 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கோட்டைக்காகப் பிடித்து நல்லூரிலிருந்து ஆண்டார். மன்னன் இறந்ததும் தெற்கே திரும்பி, மன்னனின் பேரனை அகற்றிவிட்டு ஆறாம் புவனேகபாகு ஆனார். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கட்டியத்தில் இன்றும் ஒலிப்பது புவனேகபாகு என்ற பெயர்தான். யாழ்ப்பாணத்தை வென்றவனை யாழ்ப்பாணத்துக் கோவில் வாழ்த்துகிறது; வளர்த்த குடும்பத்தின் வாரிசை நீக்கியவனைக் கோட்டை மன்னனாக ஏற்றது. அந்தக் காலத்துக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை.

சாமுராய்க்கு உயிரைவிடப் பெரிய விசுவாச நெறி இருந்ததே, அவனை நமது முதலியாரோடு எப்படி ஒப்பிடலாம் என்பது சினிமா பார்த்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம். சினிமாதானே என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனெனில் அதற்குப் பின்னே நூல்கள் உண்டு. ஆனால் அந்த நூல்களின் காலத்தைப் பாருங்கள். விசுவாசத்துக்கு வேதம்போல் மேற்கோள் காட்டப்படும் ஹககுரே 1716 அளவில் நிறைவுற்றது. அதைச் சொன்ன யமமோத்தோ சுனெதோமோ 1659 இல் பிறந்தவர், போர்க்களம் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. சாமுராய் நெறியான புஷிதோவை உலகம் முழுதும் பரப்பிய நித்தோபே இனாசோவின் நூல் 1900 இல் ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு 24 ஆண்டு முன்னரே சாமுராயின் வாளை அரசு தடைசெய்துவிட்டது. உண்மையான போர்க்காலத்தில், 1582 இல், அந்நாளில் ஜப்பானின் மிக வலிய பிரபுவான நொபுனாகாவைச் சூழ்ந்து சாகச் செய்தவர் அவருடைய சொந்தத் தளபதி அகெச்சி மிட்சுஹிதெ. ஃபுஷிமி கோட்டையில் 1600 இல் இயெயசுவுக்காகத் தெரிந்தே இறந்த தோரி மொத்தோதாதாவும் அதே காலத்தவர்தான், மறுக்கவில்லை. அத்தகையோர் எங்கும் இருப்பர். நெறி என்பது பெரும்பாலானோர் செய்வதைச் சொல்ல வேண்டும். தோரியின் பெயர் நிலைத்ததும் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை என்பதால்தான்.

ஒப்பீடு உடையும் இடம் ஒன்று உண்டு, என் வாதத்துக்கு அதுவே முக்கியம். ஜப்பானியத் தளபதி பக்கம் மாறினால் இன்னொரு ஜப்பானியப் பிரபுவிடம்தான் போகலாம். வென்றவர் எல்லோரையும் விழுங்கியதும் போக இடமில்லை. இங்கே கொழும்பு இருந்தது. உள்நாட்டு நெல்லை மட்டும் நம்பாமல், கோவாவிலிருந்து வரும் கப்பலையும் கறுவாவையும் வைத்து வாழும் ஒரு கோட்டை. முதலாம் இராஜசிங்கன் 1587 இல் அதை முற்றுகையிட்டபோது 50,000 போர்வீரர், 2,200 யானை, சாமான் சுமக்க 40,000 மாடு என்று கூத்தோ கணக்குத் தருகிறார். பாதியைக் கழித்தாலும் அது மிகப் பெரிய படை. கோட்டைக்குக் காவலாக இருந்த ஏரியையே வாய்க்கால் வெட்டி வடிக்க முயன்றான். 1588 பெப்ரவரியில், இந்தியாவிலிருந்து உதவிக் கப்பல்கள் வந்தபின், முற்றுகை கலைந்தது. அதே 1588 இல் ஹிதேயோஷி ஜப்பான் முழுதும் குடியானவர்களின் வாள்களைப் பறிமுதல் செய்தார். ஒரு தீவில் ஒரே எசமான் உருவானான். மற்றத் தீவில் அந்த வாய்ப்பு காலிமுகத் திடலின் அலைகளில் போயிற்று. அதன்பின் எந்த முதலியாருக்கும், எந்தத் திசாவைக்கும், மனக்கசப்பு வந்த நாளில் ஓடிப்போக ஓர் இடம், கொண்டுவரும் படைக்கு ஒரு விலை இருந்தது. 1656 இல் போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்தனர். சேர்ந்து முற்றுகையிட்ட இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கொழும்பு கிடைக்கவில்லை. கொடி மாறியது, இரண்டாவது எசமான் அங்கேயே இருந்தான். கண்டி மன்னர்கள் தளபதிகளை மட்டுமல்ல, அவர்களின் பிள்ளைகளையும் பிணையாகப் பிடித்து வைத்தனர்; அதன் கடைசி, கொடூரமான அத்தாட்சி 1814 இல் வந்தது. மகா அதிகாரம் எஹெலப்பொல கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரிடம் சேர்ந்தார். கண்டியில் அவர் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு அவர் உதவியோடு கண்டி விழுந்தது.

அவர் கணித்தது முன்னோர் எல்லோரும் கணித்ததுதான்: கொழும்புக்கு உதவினால் கொழும்பு நிலமும் பதவியும் தரும், தராவிட்டால் திரும்பிப் போகலாம். இம்முறை திரும்பிப் போகக் கண்டி இல்லை. 1818 கிளர்ச்சியின்போது விசாரணையின்றிக் கொழும்பில் தடுத்து வைக்கப்பட்டு, 1825 இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கே இறந்தார். தளபதி என்ற வாழ்க்கைமுறை இத்தீவில் அவரோடு முடிந்தது. 1832 இல் ஆங்கிலேயர் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தபோது, படைக்கு ஆள் கொடுத்த அந்தப் பழைய நிலக்கணக்கின் ஊழிய அடிப்படையும் போயிற்று. எதோவில் சாமுராய் கணக்கெழுதும் அதிகாரியானதைப் போலவே, இங்கே முதலியார் கச்சேரிக்கும் ஆளுநர் மாளிகை வாசலுக்கும் உரியவரானார். பொன்பட்டு அங்கி, அலங்கார வாள், ஆளுநருக்கு வரவேற்புரை. இராஜவிசுவாசம் பற்றிய பேச்சு மிகுந்ததும் இப்போதுதான், மாறிப்போக வேறு எசமான் இல்லாத காலத்தில். தமிழரும் அந்தப் பட்டத்தைச் சுமந்தனர். ஆங்கில அரசின் தலைமைத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த வாசல் முதலியார் குமாரசுவாமி, 1835 இல் சட்டநிரூபண சபைக்குப் போன முதல் தமிழர். அவருடைய மருமகன் பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே, பொன்னம்பலவாணேசுவரர் கோவிலை எழுப்பினார். பிறகு மகன் இராமநாதன் அதைக் கருங்கல்லில் திருப்பணி செய்தார். கொஸ்மேயும் ஜயவீரனும் தாங்கிய அதே பட்டம்தான் அது. பொன்னம்பல முதலியாரின் கீழ் துவக்குத் தூக்கிய ஆள் ஒருவரும் இல்லை.